ஜட்கா ஓட்டிய மசாலா வியாபாரி

2020-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி காலை. கொரோனா பயத்தில் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு வியாபாரம் பார்த்த காலம். எங்கள் கடை வாசலில் லாரியிலிருந்து மல்லி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டைக்கு மூட்டை சிட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, அந்த டி.வி. தாத்தா போயிட்டாராம்" என்றான்.

"எந்தத் தாத்தாடா?"

"சிவப்புத் தலைப்பாகை, வெள்ளை மீசை, மசாலா விளம்பரத்துல வருவாரே, அவருதான்."

முதலில் நான் நம்பவில்லை. 2018-லும் இப்படித்தான் ஒரு வதந்தி ஊர் முழுக்கச் சுற்றியது. தாத்தா நன்றாக இருக்கிறார் என்று அவர் வீட்டார் வீடியோ எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஆனால் இந்த முறை செய்தி உண்மைதான். எம்.டி.எச். மசாலா நிறுவனத்தின் தலைவர் மகாஷய் தரம்பால் குலாட்டி, டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் மாரடைப்பால் காலமானார். வயது 97.

அன்னாரைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். வேலைப் பளுவிலும் சோம்பலிலும் தள்ளிப் போயிற்று. நம் பக்கத்துக் கடைகளில் அவருடைய டப்பாக்கள் அதிகம் போவதில்லை என்பது உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நம் பொடிதான். ஆனாலும் அவர் நம்மவர். சினிமாக்காரரும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. தராசு பிடித்தவர், பொட்டலம் மடித்தவர். விளம்பரத் தாத்தாவாக அவரைப் பலருக்குத் தெரியும். கடைக்காரராகத் தெரிந்தவர்கள் குறைவு.

சியால்கோட் கடை

தரம்பால் 1923-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி சியால்கோட்டில் பிறந்தார். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. கால்பந்து, ஹாக்கி மட்டை செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஊர். அங்கே அவருடைய தந்தை சுன்னி லால் 1919-லேயே ஒரு மசாலாக் கடை வைத்திருந்தார். 'மகாஷியான் தி ஹட்டி' என்று பெயர். பஞ்சாபியில் ஹட்டி என்றால் கடை. மகாஷய் என்பது ஆரிய சமாஜத்தார் மரியாதையாகச் சேர்த்துக்கொள்ளும் பட்டம். நாம் 'ஐயா கடை' என்று சொல்வது போல வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகளே பிற்காலத்தில் எம்.டி.எச். ஆயின. பெரிய கம்பெனிகள் இன்று பெயர் வைக்கவே லட்சக்கணக்கில் செலவழிக்கின்றன. இவர்களுக்கு வாடிக்கைக்காரர் கூப்பிட்ட பெயரே கம்பெனிப் பெயராகிவிட்டது.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். அதற்குப் பிறகு அவர் செய்து பார்த்த தொழில்களைச் சொன்னால் சிரிப்பு வரும்: கண்ணாடி வியாபாரம், சோப்பு, தச்சு வேலை, துணி, இரும்புச் சாமான், அரிசி. எதிலும் கால் ஊன்றவில்லை. கடைசியில் அப்பா கடைக்கே வந்து மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் இப்படி ஆறு தொழில் மாறியிருந்தால் நாம் என்ன பேசியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். நான் பேசியிருப்பேன். என் இளைய மகனிடம் பேசியும் இருக்கிறேன்.

கடையில் நிலைத்து உட்கார்ந்த நேரத்தில் 1947 வந்தது. தேசம் இரண்டாயிற்று. ஒரு வியாபாரி கடையை விட்டு ஓடுவதென்றால் சரக்கு மட்டுமா போகிறது? பேரேட்டில் இருக்கும் நிலுவை போகிறது. "நாளைக்குத் தருகிறேன் அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் போகிறார்கள். இந்தக் கடையில் எடைக்குறைவு இராது என்று ஊர் சொல்லும் பேச்சு போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. 1942-ல் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு நடந்து வந்த நம் பெரியவர்களைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குலாட்டி குடும்பம் 1947 செப்டம்பர் 7-ஆம் தேதி அமிர்தசரஸில் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி தரம்பால் டெல்லிக்கு வந்தார். அப்போது அவருக்கு 24 வயது.

கையில் தந்தை கொடுத்த 1,500 ரூபாய். அதில் 650 ரூபாய்க்குக் குதிரையோடு ஒரு ஜட்கா வண்டி வாங்கினார். அங்கே அதைத் தாங்கா என்பார்கள். புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து குதுப் ரோட்டுக்கும், கரோல் பாக்கிலிருந்து பாரா ஹிந்து ராவுக்கும் ஆள் ஏற்றினார். சவாரிக்கு 2 அணா.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கணக்கில் 16 அணா ஒரு ரூபாய். எட்டுச் சவாரி போனால்தான் ஒரு ரூபாய். வண்டியில் போட்ட 650 ரூபாயைத் திரும்ப எடுக்கவே 5,200 சவாரி ஓட்ட வேண்டும். அதிலும் குதிரை சும்மா ஓடுமா? கொள்ளு வேண்டும், புல் வேண்டும், லாடம் கட்ட வேண்டும். சரக்கு விற்காமல் கிடந்தாலும் நம் மூட்டை தீனி கேட்காது. அவருக்கும் இந்தக் கணக்கு சீக்கிரமே புரிந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டு, தெரிந்த தொழிலுக்கே திரும்பினார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை. போட்ட முதலை நினைத்து, ஆகாத தொழிலைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களை நம் பஜாரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

1948-ல் கரோல் பாக் அஜ்மல் கான் சாலையில் ஒரு மரப்பெட்டிக் கடை. 14 அடிக்கு 9 அடி. பெயர்ப் பலகையில் பழைய பெயரையே போட்டார்: மகாஷியான் தி ஹட்டி, சியால்கோட், டெகி மிர்ச்சிக்காரர். கரோல் பாக் முழுக்க அப்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து இறங்கிய அகதிகள். வந்த இடத்தில் சொந்த ஊர்ப் பெயரைப் பலகையில் பார்த்தவர்கள் உள்ளே வராமல் போயிருப்பார்களா? விளம்பரம் என்ற சொல் தெரியாமலே செய்த விளம்பரம் அது.

டெகி மிர்ச் பற்றி இளைய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. அது நல்ல சிவப்பு நிறம் கொடுக்கும், காரம் குறைவாக இருக்கும் மிளகாய்த் தூள். நம் கணக்கில் சொன்னால், நிறத்துக்கு பேடகி, காரத்துக்கு குண்டூர் சன்னம், வாசனைக்கும் ருசிக்கும் ராமநாதபுரம் குண்டு என்று நாம் பிரிக்கிறோம் அல்லவா? வடக்கே கறிக்கு நிறம் முக்கியம். அந்த நிறத்தைத்தான் அவர்கள் விற்றார்கள்.

மஞ்சளில் பருப்பு

1953-ல் சாந்தினி சவுக்கில் வாடகைக்கு இரண்டாவது கடை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் மசாலாவை வெளி மில்லில் கூலிக்கு அரைத்து வாங்குவதுதான் வழக்கம். அப்படி அரைக்கக் கொடுத்த இடத்தில், மஞ்சளோடு கடலைப்பருப்பையும் சேர்த்து அரைப்பது தெரியவந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். மற்றவர் சண்டை போட்டுவிட்டு வேறு மில் பார்த்திருப்பார். இவர் சொந்த மில் போடுவதென்று முடிவு செய்தார். 1959-ல் கீர்த்தி நகரில் இடம் வாங்கி ஆலை தொடங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடையில் 1990-களில் நடந்தது நினைவுக்கு வந்தது. நாங்களும் கூலிக்குத்தான் அரைத்தோம். எந்த மில் என்று சொல்வது நாகரிகமல்ல. கிராமத்திலிருந்து எங்களிடம் மாதச் சரக்கு எடுக்கும் ஒரு பெரியவர், ஒரு நாள் கல்லா முன்னால் வந்து நின்றார். எதுவும் பேசாமல் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, நாங்கள் கொடுத்த மல்லித் தூளை அதன் மேல் தூவினார். தூள் மெல்லக் கீழே போயிற்று. உமி மேலே மிதந்தது. "தம்பி, உங்கப்பா காலத்துல இது மிதக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலையே அரைத்த சரக்கு முழுவதையும் பின்கட்டில் கொட்டினோம். நஷ்டம் எவ்வளவு என்று இன்றும் பேரேட்டில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

ஆனால் நாங்கள் சொந்த மில் போடவில்லை. வேறு மில்லுக்கு மாறினோம். அதுதான் அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் கடைத் தெருவை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 1983-ல் என் தந்தையாரோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து டெல்லி போனேன். ஒரு கமிஷன் மண்டியில் எங்கள் மஞ்சள் பாக்கி நின்றிருந்தது. காரி பாவ்லி மசாலாச் சந்தையைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியில் பதேபூரி மசூதிக்குப் பக்கத்தில், மாடி மாடியாகச் சரக்கு. தலையில் மூட்டையோடு ஓடுகிறவர்கள், கைவண்டிகள். காற்றிலேயே மிளகாய் நெடி. போன கால் மணி நேரத்தில் அப்பாவும் நானும் மாறி மாறித் தும்மினோம். அங்கிருந்த கூலியாட்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் மண்டியில் வெளியூர்க்காரர்கள் தும்மும்போது நாங்கள் சிரிப்பது போலவே.

மண்டிக்காரர் நாளை நாளை என்று நாலு நாள் இழுத்தார். ஐந்தாம் நாள் பாதிப் பணம் கிடைத்தது. திரும்பும்போது கூட வந்த தரகர் எங்களைக் கரோல் பாக்கில் சாப்பிட அழைத்துப்போனார். அங்கே நம் தமிழ் ஜனங்கள் நிறைய. அஜ்மல் கான் சாலையில் நடக்கும்போது, "இந்தத் தெருவில் பெட்டிக்கடை வைத்த ஒரு ஜட்காக்காரர், இன்று தேசம் முழுக்க மசாலா அனுப்புகிறார்" என்று ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அப்பா நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம், "பாக்கி வராததை நினைச்சு முகத்தைத் தொங்கப் போடாதே. வா" என்றார். குலாட்டியின் பெயரை நான் முதலில் கேட்டது அப்போதுதான்.

தொண்ணூறு வயதுக்குப் பிறகு

டப்பாவில் தன் படத்தையே போட்டார். தொலைக்காட்சி விளம்பரத்திலும் தானே நடித்தார். ஒரு விளம்பரத்துக்கு மணப்பெண்ணின் தந்தையாக நடிக்க வேண்டியவர் வரவில்லை, முதலாளியே உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நடிகருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்று அவர் நினைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சரக்கில் குறை இருந்தால் வாடிக்கைக்காரர் யாரைத் திட்டுவது? டப்பாவில் முகம் இருக்கிறதே! முகத்தைப் போட்டு விற்க ஒரு தைரியம் வேண்டும்.

2016-17-ஆம் ஆண்டில் அவர் வாங்கிய சம்பளம் 21 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகளில் வந்தது. நுகர்பொருள் விற்கும் கம்பெனிகளின் தலைவர்களில் அதுதான் அந்த ஆண்டின் மிக அதிகமான சம்பளம். பெரிய பட்டம் படித்தவர்களையெல்லாம் ஐந்தாம் வகுப்பு முந்திவிட்டது என்று நம் சங்கக் கூட்டத்தில்கூடப் பேசிச் சிரித்தோம். சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தர்மத்துக்குப் போகிறது என்று அவர் அப்போது நிருபரிடம் சொன்னார். அந்த வயதிலும் தினமும் ஆலைக்கும் கடைத்தெருவுக்கும் விற்பனையாளர்களிடமும் போய் வருவார், ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. 2019-ல் அரசு பத்மபூஷண் கொடுத்தது.

அவருக்கு ஒரு மகனும் ஆறு மகள்களும் பொறுப்பில் இருந்தார்கள். அன்றாட நிர்வாகம் மகனிடம். விற்பனையைப் பகுதி பகுதியாகப் பிரித்து மகள்களிடம் கொடுத்திருந்தார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம்மில் எத்தனை பேர் பெண் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறோம்? கட்டிக் கொடுத்து, சீர் செய்து, தீபாவளிக்குச் சேலை எடுத்தால் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். என் தங்கைக்கு மனக்கணக்கு என்னைவிட வேகமாக வரும். அவளைக் கடைப் படி ஏற விடவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்பெனியின் பங்கில் 80 சதவீதம் அந்த 2017-லும் அவர் பெயரிலேயே இருந்தது. 94 வயது வரை! பெரியவர் மேல் உள்ள மரியாதை குறையாமல் சொல்கிறேன், இது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. மகனுக்கு எப்போது தலை நரைப்பது? என் தந்தையாரும் கடைசி வரை இரும்புப் பெட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் போன பதினாறாம் நாளே, எந்தக் கொடுக்கல் வாங்கல் யாருடையது என்பதில் அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் வந்து, ஒரு கடை மூன்று கடையாயிற்று. ஒரே தெருவில் மூன்று கடை. விலையைக் குறைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டோம். தெருக்காரர்களுக்கு மலிவாகச் சரக்கு கிடைத்தது, அவ்வளவுதான். சாவியை விடாத பெரியவருக்கும், எல்லாவற்றையும் சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தவிக்கும் பெரியவருக்கும் நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும். குலாட்டி அதைப் பாதி கண்டுபிடித்தார் என்பேன். வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சாவியைத் தான் வைத்துக்கொண்டார்.

தர்ம காரியத்தில் அவர் 1975-லேயே 10 படுக்கையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கியவர். 1984-ல் தாயார் பெயரில் ஜனக்புரியில் 20 படுக்கையோடு மாதா சனன் தேவி ஆஸ்பத்திரி தொடங்கினார். பிற்காலத்தில் அது பல மடங்கு வளர்ந்தது. மேலே டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார் என்று எழுதினேன் அல்லவா? அது இந்த ஆஸ்பத்திரிதான். அம்மா பெயர் எழுதிய கட்டிடத்தில் மகனின் உயிர் பிரிந்திருக்கிறது.

அவர் இல்லாத நாளில் அந்தப் பெயருக்கு ஒரு சோதனை வந்ததையும் எழுதத்தான் வேண்டும். 2024 ஏப்ரலில், எம்.டி.எச்.சின் மூன்று பொடிகளிலும் வேறொரு கம்பெனியின் ஒரு பொடியிலும் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருந்தது என்று ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அறிவித்து, விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். கிருமியைக் கொல்ல அடிக்கும் வாயு அது. புற்றுநோய் தரும் என்று பட்டியலில் உள்ளது. அந்த மூன்றில் ஒன்று சாம்பார் மசாலா, இன்னொன்று மெட்ராஸ் கறிப் பொடி! எங்கள் ஆலையில் எந்தக் கட்டத்திலும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கம்பெனி மறுத்தது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆய்வுக்கூடம் இல்லை. எனக்குத் தெரிந்தது மூட்டை. காட்டிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து குளிர்பதனக் கிடங்குக்கு, அங்கிருந்து ஆலைக்கு என்று ஒரு வத்தல் மூட்டை எத்தனை கை மாறுகிறது! எந்தக் கையில் என்ன மருந்து பட்டது என்று நாம் கேட்டு வாங்குகிறோமா? நிறம் பார்க்கிறோம், ஈரம் பார்க்கிறோம், காம்பு பார்க்கிறோம், விலை பேசுகிறோம். அந்தச் செய்தி வந்த பிறகு, சரக்கு அனுப்பும் கிடங்குக்காரரிடம் என்ன மருந்து போட்டீர்கள் என்று எழுதிக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர், "என்ன அண்ணாச்சி, இத்தனை வருஷமா இல்லாத கேள்வி?" என்று போனில் கோபித்துக்கொண்டார். அவரிடம் இப்போது நான் சரக்கு எடுப்பதில்லை.

எனக்கு இப்போது வயது 65. போன ஆயுத பூஜை அன்று இரும்புப் பெட்டியின் இரண்டாவது சாவியை மூத்த மகனிடம் கொடுத்தேன். முதல் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகள் வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வந்து ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறாள். கிராமத்து வாடிக்கைக்காரர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள், இப்போது நிலுவையைப் பற்றி அவளிடமே பேசுகிறார்கள். அவளிடம் தவணை கேட்டால் கிடைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று தெரிந்து, சென்னைக்குப் போன மகன் ஒரு டெகி மிர்ச் டப்பா வாங்கி வந்தான். தலைப்பாகையும் மீசையுமாகப் பெரியவர் டப்பாவில் சிரிக்கிறார். வீட்டில் சமைத்துப் பார்த்தார்கள். "நிறம் நல்லாத்தான் இருக்கு. உறைப்பு போதாது, நம்ம குழம்புக்கு குண்டு வத்தலே போடணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தூள் தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கல்லாப் பெட்டி மேல் வைத்திருக்கிறேன், சில்லரை போட வசதியாக இருக்கிறது.